கழிவுநீர்த் தூய்மையில் நீர்ப்பங்கீடு

தமிழ்த்துறை மலரில் சாக்கடை நீரைப் பற்றி ஒரு கட்டுரையா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மடை, மதகு, தூம்பு, கலிங்கு, வாய்க்கால் என்று நீரைத் தேக்கவும் திறக்கவும் பங்கிடவும் இத்தனை சொற்களைப் படைத்துக்கொண்ட மொழி நம்முடையது. வயலுக்குச் செல்லும் நீருக்கு வழங்கிய அச்சொற்களை, ஊரைவிட்டு வெளியேறும் நீருக்கும் வழங்கத் தயங்க வேண்டுவதில்லை. சொல்லப்போகும் செய்தியும் அடிப்படையில் ஒரு நீர்ப்பங்கீட்டுச் செய்தியே ஆகும்.

ஒரு நகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை வந்தடைகிறது. அங்கே நுண்ணுயிர்கள் நிறைந்த நீண்ட தொட்டிகள் உள்ளன. அந்நுண்ணுயிர்கள் நீரிலுள்ள அழுக்கை உணவாகக் கொண்டு அதனைத் தூய்மை செய்கின்றன. வந்த நீரைத் தொட்டியின் எவ்விடத்தில் விடுவது? தலைமாட்டில் ஒரே வாயிலாகவா, வழிநெடுகப் பல வாயில்களாகவா? தொட்டிகள் நான்காயின் நான்குக்கும் ஒத்த பங்கு செல்கிறது என்பதை எவ்வாறு உறுதி செய்வது? இவை மிகச் சிறிய வினாக்களாகத் தோன்றும். எனினும் தொட்டியின் பருமனும் காற்றின் அளவும் மாறாதிருக்க, பங்கீடு ஒன்று மட்டுமே மாறினால் நிலையத்தின் ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது.

மான்செஸ்டரில் தொடங்கிய முறை

1914ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்டு ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் வேதியியலார் கூட்டமொன்றில் ஓர் ஆய்வுரை படித்தனர். அந்நகரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் அவர்கள் செய்த சோதனை எளிமையானது. கலத்தில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்தினர். நீர் முற்றிலும் தூய்மையுற ஏறத்தாழ 5 வாரங்கள் ஆயின. அடியில் படிந்த கசட்டைக் கொட்டிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டுப் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றூட்டினர். இவ்வாறு செய்யச் செய்யக் கால அளவு குறுகிக்கொண்டே வந்து, இறுதியில் 24 மணி நேரத்திற்குள் வேலை முடிந்தது. கசடு என்று வீசி எறியப்பட்டதுதான் வேலைக்காரப் படை என்பது அன்று தெளிவாயிற்று. அதற்குக் கிளர்வூட்டிய கசடு என்று பெயரிட்டனர்.

அவ்விருவரையும் இவ்வழியில் ஊக்கிய பேராசிரியர் கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பணியாற்ற வந்தார் என்பதை இடையே குறித்துவைப்பது தகும். அம்முறை நம் நாட்டிற்கு நெடுநாள் அயலாக இருந்ததன்று.

இன்று உலகெங்கும் இம்முறை தொடர் ஓட்டமாக நடைபெறுகிறது. கழிவுநீரும் கசடும் கலந்து காற்றூட்டுத் தொட்டியில் நகர்ந்து செல்கின்றன. பின்னர் ஒரு படிவுத் தொட்டியில் கசடு அடியில் இறங்க, தெளிந்த நீர் மேலே வழிந்து ஆற்றை அடைகிறது. இறங்கிய கசட்டை இறைத்து மீண்டும் காற்றூட்டுத் தொட்டியின் தலைப்பில் விடுகின்றனர். இதனை மீள்கசடு எனலாம். இவ்விரு தொட்டிகளில் எது நலிந்தாலும் மற்றதும் நலியும். படிவுத் தொட்டி கசட்டைத் தாங்காமல் வழியவிட்டால் நுண்ணுயிர்ப் படை ஆற்றோடு போய்விடுகிறது. ஆறும் கெடுகிறது, தொட்டியும் வெறுமையாகிறது.

ஒரே வேளையில் மூன்று வேளை உணவு

தொடக்ககால நிலையங்களில் கழிவுநீர் முழுவதையும் தொட்டியின் தலைமாட்டிலேயே விட்டனர். பசித்துவந்த மீள்கசடு அங்கேயே உணவைப் பற்றிக்கொண்டது. உணவு மிகுந்த இடத்தில் உயிர்வளி எனப்படும் ஆக்சிஜனின் தேவையும் மிகும். காற்றுக் குழாய்களோ தொட்டி நெடுகிலும் ஒரே அளவாகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தன. ஆதலின் தலைப்பில் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறின. கடைப்பகுதியில் உணவின்றிக் கிடந்தன. அங்கே காற்று வீணாயிற்று. காலையிலேயே மூன்று வேளைச் சோற்றையும் உண்டுவிட்டு மறுநாள் வரை பட்டினி கிடப்பவனின் உடல்நிலையை ஒத்தது இது. மூச்சுத் திணறும் இடத்தில் நூலிழை போன்ற சில நுண்ணுயிர்கள் பெருகுவதும் உண்டு. அவை பெருகினால் கசடு பஞ்சுபோல் உப்பி, படிவுத் தொட்டியில் இறங்க மறுக்கும்.

இதற்கு இரு தீர்வுகள் தோன்றின. காற்றைத் தலைப்பில் மிகுதியாகவும் கடையில் குறைவாகவும் விடுவது ஒன்று. காற்றை அவ்வாறே விட்டு, உணவைப் பிரித்து விடுவது மற்றொன்று. முன்னது நன்றே, ஆயினும் பின்னதே நுட்பமானது என்பது என் கருத்து. ஏனெனில் அது எதிர்பாராத வேறொரு நன்மையையும் உடன் கொண்டுவந்தது.

இரண்டாம் வழியை நியூயார்க் நகரப் பொறியாளர் ரிச்சர்ட் கூல்டு வகுத்தார். அந்நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள டால்மன்ஸ் ஐலண்ட் நிலையத்தில் 1939இல் அது செயலுக்கு வந்தது. அருகிலுள்ள ஃபிளஷிங் மெடோசில் உலகக் கண்காட்சி தொடங்கிய ஆண்டும் அதுவே. நீண்ட தொட்டி நான்கு தடங்களாக மடிந்து செல்லும். மீள்கசடு முதல் தடத்தின் தலைப்பில் நுழையும். கழிவுநீரோ நான்கு தடங்களின் வாயில்களிலும் பகிர்ந்து விடப்படும். இதனைப் படிமுறை ஊட்டல் என வழங்குவோம்.

எதிர்பாராத நன்மை யாது? ஒரு கணக்கால் விளக்குவேன். எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 100 பங்கு கழிவுநீர் வருகிறது. 50 பங்கு மீள்கசடு திரும்புகிறது. அதில் லிட்டருக்கு 8 கிராம் கசடு உண்டு. எல்லா நீரையும் தலைப்பிலேயே விட்டால் 50 பங்கில் இருந்த கசடு 150 பங்கில் பரவும். தொட்டி முழுவதும் லிட்டருக்கு 2.67 கிராம் என்னும் ஒரே செறிவு நிலவும். படிவுத் தொட்டிக்குச் செல்லும் நீரிலும் அதே செறிவுதான்.

இப்பொழுது நீரை 25 பங்குகளாகப் பிரித்து நான்கு தடங்களிலும் விடுவோம். முதல் தடத்தில் கசடு 75 பங்கு நீரில் மட்டுமே கலக்கிறது; செறிவு 5.33 கிராம். இரண்டாவதில் 100 பங்கு, 4 கிராம். மூன்றாவதில் 125 பங்கு, 3.2 கிராம். நான்காவதில் 150 பங்கு, 2.67 கிராம். படிவுத் தொட்டிக்குச் செல்லும் நீரின் செறிவு முன்போலவே 2.67 கிராம்தான். ஆனால் நான்கு தடங்களின் சராசரி 3.8 கிராம் ஆகிவிட்டது! அதே தொட்டியில் 42 விழுக்காட்டிற்கு மேல் கூடுதலான நுண்ணுயிர்ப் படையை வைத்திருக்கிறோம். படிவுத் தொட்டியின் சுமையோ இம்மியும் கூடவில்லை. ஓர் அடி நிலம் வாங்காமல், ஒரு மூட்டை சிமெண்டு கொட்டாமல், நான்கு வாயில்களைத் திறந்ததால் மட்டும் கிடைத்த பேறு இது. மக்கள் தொகை பெருகியும் புதிய தொட்டி கட்ட இடமும் பொருளும் இல்லாத நகரங்களுக்கு இதன் அருமை புரியும்.

இழப்பு ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் கூடாது. கடைசித் தடத்தில் நுழையும் நீர் தொட்டியில் தங்கும் நேரம் குறைவு. முதல் தடத்தில் நுழைந்த நீர் நான்கு தடங்களையும் கடக்க, இது ஒன்றையே கடந்து வெளியேறுகிறது. அதனால் கடைவாயிலின் பங்கை மிகுத்துவிட்டால் தூய்மை சற்றுக் குறையும். நான்கு வாயில்களுக்கும் ஒத்த பங்கு என்பது அறநூலுக்கு ஏற்கும். இங்கே பல வேளைகளில் ஏற்காது.

மழை வரும் இரவு

நியூயார்க்கின் பெரும்பகுதியில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் நிலையத்திற்கு வரும் நீர் சில மணி நேரத்திலேயே இரட்டிக்கும். அவ்வெள்ளம் தலைவாயிலில் நுழைந்தால் தொட்டியிலுள்ள கசட்டை முழுதும் படிவுத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே கசட்டின் படுகை மெல்ல உயர்ந்து, விளிம்பைத் தொட்டு, ஆற்றில் வழியும். இழந்த படையை மீண்டும் வளர்க்கப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். மழை நின்று நெடுநாள் ஆன பின்பும் நிலையம் நோயாளியாகவே இருக்கும்.

அவ்வேளையில் இயக்குநர் செய்ய வேண்டுவது, முன் வாயில்களைச் சாத்திவிட்டுக் கடைத்தடத்தின் வாயிலைத் திறப்பது. வெள்ளம் கடைத்தடத்தில் மட்டும் நுழைந்து வெளியேறும். முதல் மூன்று தடங்களும் கசட்டின் காப்பகமாக அமைதியாக இருக்கும். முன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நீர் 100இலிருந்து 200 பங்கானது. தொட்டியிலுள்ள மொத்தக் கசடு மாறவில்லை. அக்கசடு லிட்டருக்கு 2.67 கிராம் வீதம் சீராகப் பரவியிருந்தால் அச்செறிவிலேயே வெளியேறும். கடைவாயில் ஊட்டலில் முதல் மூன்று தடங்கள் 3.33 கிராமாகச் செறிய, கடைத்தடம் 0.67 கிராமாக மெலிந்துவிடும். படிவுத் தொட்டிக்குச் செல்லும் கசடு, கணக்களவில், நான்கில் ஒரு பங்காகிறது.

அந்தச் சில மணி நேரம் தூய்மை குறைவதை ஏற்றுக்கொண்டு படையைக் காப்பாற்றுகிறார் இயக்குநர். இது சரியான முடிவே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடைமுறையில், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் திறக்கப்படும் அடைப்புப் பலகை துருவேறிப் போவதுதான் இயல்பு. மழை கொட்டும் நள்ளிரவில் அதனைத் திருகித் திறக்க முயல்பவர், வெயில் காலத்தில் அதற்கு மசகு இடாதவரை நினைத்துக்கொள்வார்.

கடலின் மூச்சு

கூல்டின் முறை அரைநூற்றாண்டுக்குப் பின் வேறொரு பணிக்கும் பயன்பட்டது. நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் என்பது பெயரளவில் ஆறு. உண்மையில் அலையேற்றமுள்ள நீரிணை. அது லாங் ஐலண்ட் சவுண்டு என்னும் கடற்பகுதியுடன் இணைகிறது. கோடைதோறும் அக்கடலின் மேற்குப் பகுதியில் அடிநீரில் உயிர்வளி குறைந்து, மீனும் நண்டும் வாழ இயலாத நிலை ஏற்பட்டு வந்தது. கழிவுநீரில் எஞ்சிய நைட்ரஜன் பாசியை வளர்க்க, பாசி மடிந்து அழுக, அழுகல் உயிர்வளியை உண்டுவிடுவதே காரணம். 2001இல் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களின் திட்டத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏற்றது. மனிதரால் சேரும் நைட்ரஜனை 58.5 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது இலக்கு. டால்மன்ஸ் ஐலண்ட் உள்ளிட்ட ஈஸ்ட் ரிவர்க் கரை நிலையங்கள் படிமுறை ஊட்டலைக் கொண்டே இதற்கெனத் திருத்தி அமைக்கப்பட்டன.

நைட்ரஜனை நீக்க இரு செயல்கள் வேண்டும். காற்றுள்ள இடத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். காற்றில்லாத இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் அந்நைட்ரேட்டிலுள்ள உயிர்வளியைச் சுவாசித்து, நைட்ரஜனை வளியாக வானில் விட்டுவிடும். இரண்டாவது செயலுக்கு உணவு தேவை. அவ்வுணவு எங்கிருந்து வரும்? வாயிலில் வந்து நிற்கும் புதிய கழிவுநீரே அவ்வுணவு. ஆகவே ஒவ்வொரு தடத்தின் தலைப்பிலும் காற்றில்லாப் பகுதி ஒன்றை அமைத்து, அங்கே ஒரு பங்கு கழிவுநீரை விடுகின்றனர். முந்தைய தடத்தில் பிறந்த நைட்ரேட்டு அங்கே அழிகிறது. தனியே ஒரு பெரும் பம்பு வைத்து நீரைத் திரும்ப இறைக்கும் செலவும் குறைகிறது.

கடைத்தடத்தில் பிறக்கும் நைட்ரேட்டிற்கு மட்டும் அடுத்த தடம் இல்லை. அது வெளியேறும் நீரோடு செல்லும். எனவே கடைவாயிலின் பங்கே வெளியேறும் நைட்ரேட்டின் அளவை முடிவு செய்கிறது. கழிவுநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்து, முன் தடங்களில் யாவும் செவ்வனே நடந்தால், கடைவாயிலில் 25 பங்கு விடும்போது வெளியேறும் நீரில் 5 மில்லிகிராம் நைட்ரேட்டு நைட்ரஜன் எஞ்சும். அதனை 10 பங்காகக் குறைத்தால் 2 மில்லிகிராமே எஞ்சும். இங்கே வெயில் நாளின் தேவையும் மழை நாளின் தேவையும் நேர்மாறாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெயில் நாளில் கடைவாயில் சுருங்க வேண்டும். மழை நாளில் விரிய வேண்டும்.

கலிங்கின் மட்டம்

இதுவரை 25 பங்கு, 10 பங்கு எனத் தாளில் எளிதாக எழுதிவிட்டோம். நீர் நம் தாளைப் படிப்பதில்லை. அது மட்டத்தை மட்டுமே அறியும்.

நீரைப் பங்கிட நம்பத்தக்க கருவி கலிங்குதான். ஏரியில் மிகைநீர் வழியும் அதே அமைப்பு, இங்கே உலோகத் தகடாக நிற்கிறது. தகட்டின் விளிம்பைத் தாண்டி நீர் தடையின்றி விழுமானால், கீழே தொட்டியில் என்ன நேர்ந்தாலும் மேலே பங்கு மாறாது. ஆழ்வாயில்களுக்கு இப்பண்பு இல்லை. இருபுற நீர்மட்டமும் அவற்றின் ஓட்டத்தை மாற்றும்.

ஆனால் கலிங்கு மிகக் கண்டிப்பானது. நேர்விளிம்புக் கலிங்கின் மேல் நீர் நிற்கும் உயரத்தின் ஒன்றரை மடிப் படியே ஓட்டம் அமையும். இரு கலிங்குகளின் மேல் 10 சென்டிமீட்டர் நீர் ஓடுகையில், அவற்றுள் ஒன்று 1 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அதன் வழியே 15 விழுக்காடு நீர் கூடுதலாகச் செல்லும். முக்கோண வெட்டுள்ள தகடாயின் ஓட்டம் உயரத்தின் இரண்டரை மடிப்படி ஆதலால் அவ்வேறுபாடு 27 விழுக்காடாகும். நேர்விளிம்பின் மேல் 30 சென்டிமீட்டர் நீர் ஓடினால் அதே பிழையால் நேரும் வேறுபாடு 5 விழுக்காடே. உயரத்தைச் சிக்கனம் செய்து கட்டும் நிலையங்களில் பங்கீடு கெடுவதற்கு இதுவே காரணம்.

நீரின் வேகமும் குறும்பு செய்யும். பங்கீட்டுத் தொட்டியில் நீர் பக்கவாட்டில் விரைந்து நுழைந்தால் எதிர்ச்சுவரில் மோதி, அங்குள்ள கலிங்கிற்கு மிகுதியாகச் செல்லும். பளுவான மணலும் கசடும் நேராகவே ஓடும். நீர் சமமாகப் பிரிந்தாலும் அவை பிரிவதில்லை. எனவேதான் நீரைத் தொட்டியின் அடியிலிருந்து மெல்ல மேலெழச் செய்து, அமைதியுற்ற பின் நாற்புறமும் ஒத்த கலிங்குகளில் வழியவிடுவது சிறந்த முறையாகக் கருதப்படுகிறது.

பங்கீட்டின் சிக்கல் இம்முறைக்கு மட்டும் உரியதன்று. கற்குவியலின் மேல் சுழலும் குழாய்க் கைகளால் நீரைத் தெளிக்கும் சொட்டு வடிப்பான்களில், மையத்தைச் சுற்றியுள்ள வட்டம் சிறிது. விளிம்பருகே உள்ள வட்டம் பெரிது. ஆதலின் துளைகளை மையத்தருகே தூரத்தூரமாகவும் விளிம்பருகே நெருக்கமாகவும் இடுகின்றனர். கான்பூரின் ஜாஜ்மாவில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரையும் நகரக் கழிவுநீரையும் கலந்து தூய்மை செய்ய, டச்சு நாட்டு உதவியுடன் கங்கைச் செயல்திட்டத்தின்கீழ் 1994இல் நாளொன்றுக்கு 3.6 கோடி லிட்டர் கொள்ளும் காற்றில்லா மேலோட்ட நிலையம் செயலுக்கு வந்தது. இவ்வகைத் தொட்டிகளில் நீர் அடியிலிருந்து மேலே ஏறும். கலக்கும் கருவி இல்லை. அடித்தளத்தில் சில சதுர மீட்டருக்கு ஒரு குழாய்வாய் என அமைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் மேலே தனித்தனி வெட்டு வைப்பது இதன் நல்ல மரபு. எக்குழாய் அடைத்தாலும் அதன் சிறு பெட்டியில் நீர் உயர்வது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடைத்த குழாயைக் கவனியாது விட்டால் அதன் மேலுள்ள கசடு உணவின்றிக் கிடக்க, பக்கத்துக் கசடு மிகையூட்டலால் அவதியுறும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒரு நிலையத்தில் இரண்டு படிவுத் தொட்டிகள் அருகருகே இருந்தன. இரண்டும் ஒரே அளவு. ஒரே ஆண்டில் கட்டியவை. ஒன்றில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. மற்றதில் பழுப்புக் கசடு விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. கசட்டின் தன்மை கெட்டுவிட்டது என்றார் ஒருவர். தெளிந்த தொட்டிக்கும் அதே கசடுதானே செல்கிறது என்று அங்கே பணியாற்றிய முதியவர் ஒருவர் கேட்டார். விடை சொல்வார் இல்லை. மூன்றாவது தொட்டி ஒன்று கட்டுவதற்கான மதிப்பீடு மேசையின் மேல் ஆயத்தமாக இருந்தது.

முதியவரின் சொல்லைக் கேட்டு ஒரு கொத்தனார் வரவழைக்கப்பட்டார். அவர் ரசமட்டத்தையும் நீர் நிரப்பிய குழாயையும் வைத்துப் பங்கீட்டுத் தொட்டியின் இரு கலிங்குகளையும் பார்த்தார். ஒன்று மற்றதைவிட 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. சுவரின் ஒருபுறம் சற்றே அமிழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்த கலிங்கின் மேல் 8 சென்டிமீட்டர் நீர் ஓட, தாழ்ந்ததன் மேல் 10 சென்டிமீட்டர் ஓடியது. அஃதாவது 100 பங்கில் 58 ஒரு தொட்டிக்கும் 42 மற்றதற்குமாகப் போய்க்கொண்டிருந்தன. தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, உயர்த்தி, மீண்டும் முடுக்க அவருக்கு ஒரு முற்பகல் ஆயிற்று. நான்காம் நாள் காலை நான் சென்றபோது இரண்டாம் தொட்டியின் விளிம்பிலும் தெளிந்த நீரே வழிந்துகொண்டிருந்தது. முதியவர் நீண்ட கழியொன்றை உள்ளே விட்டுக் கசடு எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்.